‘மருத்துவ வசதி உண்டு’ என்ற ஒரு வரி

காலை ஏழு மணிக்குக் குத்தம்பாக்கம் பக்கம் நெடுஞ்சாலையோரம் நின்றால், ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லூரிப் பேருந்துகள் போவதைப் பார்க்கலாம். பூந்தமல்லி, நசரத்பேட்டை, திருமழிசை, தண்டலம் என்று ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் சென்னை–பெங்களூரு சாலையின் இரு பக்கமும் பொறியியல் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் தனியார் பள்ளிகளும்தான். மாணவர்களோடு அந்தப் பேருந்துகளில் ஆசிரியர்களும் போகிறார்கள். பொறியியல் இடங்கள் ஆண்டுதோறும் காலியாகக் கிடந்த 2010களில் அவர்களில் பலர் வேறு வழி தேடினார்கள். எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்கள், மாலத்தீவின் தீவுப் பள்ளிகள், வளைகுடா நாடுகளின் சி.பி.எஸ்.இ. பள்ளிகள், சிங்கப்பூர், இங்கிலாந்து என்று அந்த வழி இன்றும் நீள்கிறது.

அப்படிப் போகிறவர் கைக்கு வரும் ஆஃபர் லெட்டரில் சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை விமானச் சீட்டு என்பதெல்லாம் எண்ணில் இருக்கும். கடைசியில் ஒரு வரி, எண் ஏதுமில்லாமல் இருக்கும்: ‘மருத்துவ வசதி உண்டு.’ அது யாருக்கு, எந்த நாளிலிருந்து, எத்தனை தொகைக்கு, எந்த நோய்க்கு என்று அந்த வரி சொல்வதில்லை. சம்பளத்துக்காகப் பத்து முறை மின்னஞ்சல் அனுப்பிப் பேரம் பேசும் ஆசிரியர்கூட இதைக் கேட்கத் தயங்குகிறார். நோயைப் பற்றிக் கேட்டால் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் ஒரு காரணம். ‘காம்கா மெடிக்கல்’ முடித்தாயிற்றே, அதுவே போதும் என்ற நினைப்பு இன்னொன்று. வளைகுடா விசாவுக்காக எடுக்கும் அந்தப் பரிசோதனை, போகிறவரிடம் தொற்றுநோய் இருக்கிறதா என்று அந்த நாடு தன் பாதுகாப்புக்காகப் பார்ப்பது. போனபின் அவருக்கு நோய் வந்தால் யார் பணம் கட்டுவார்கள் என்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வெளிநாடு போகும் தொழிலாளிக்கென்று இந்திய அரசிடம் ஒரு காப்பீடு இருக்கிறது. 2003 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரவாசி பாரதிய பீமா யோஜனா. இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய், மருத்துவமனைச் செலவுக்கு 1 லட்சம் வரை, ஊரிலிருக்கும் குடும்பத்தினர் மருத்துவமனையில் சேர்ந்தால் ஆண்டுக்கு 50,000 வரை, வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 வரை என்று அது தருவது, கட்டும் தொகையோடு ஒப்பிட்டால் நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இது ‘குடியகல்வு அனுமதி தேவை’ என்ற பிரிவில் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கே கட்டாயம். 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டத்தின்கீழ் வரும் அந்த அனுமதி, சவுதி, அமீரகம், ஓமன், கத்தார், குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவரின் கடவுச்சீட்டு அந்தப் பிரிவில் வராது. எம்.எஸ்சி., பி.எட். முடித்த ஆசிரியை எப்படி வருவார்? அதே விமானத்தில் போகும் கொத்தனார் கையில் ஒரு பாலிசி இருக்கும், ஆசிரியை கையில் இருக்காது. படித்தவர் தன்னைத்தானே காத்துக்கொள்வார் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை எண்ணம். பட்டம் பெற்றவருக்கு ஒப்பந்தத்தின் ஆங்கிலம் புரியும் என்பது உண்மை. அதனால் அவருக்கு முதலாளியிடம் பேரம் பேசும் பலம் இருக்கிறது என்று ஆகிவிடாது.

செவிலியர் விஷயத்தில் அரசு இதைப் புரிந்துகொண்டது. முகவர்கள் லட்சக்கணக்கில் பணம் பறித்த புகார்கள் எழுந்தபின், 2015இல் செவிலியர்கள் எவ்வளவு படித்திருந்தாலும் அந்த 18 நாடுகளுக்குப் போக அனுமதி பெற வேண்டும் என்று விதி வந்தது. அரசு நிறுவனங்கள் வழியாக ஆள் எடுக்கும் முறையும் வந்தது. தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இந்தப் பணியைச் செய்கிறது. ஆசிரியருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. 2018 நவம்பரில், படித்தவர்களும் இந்த நாடுகளுக்குப் போகுமுன் அரசுத் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும், அது 2019 ஜனவரி 1 முதல் கட்டாயம் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததால் அதே மாத இறுதியில் அதை நிறுத்திவைத்தது. பதிவு தொல்லைதான். ஆனாலும் எத்தனை ஆசிரியர்கள், எந்த நாட்டில், எந்தப் பள்ளியில் இருக்கிறார்கள் என்ற கணக்காவது அரசிடம் இருந்திருக்கும்.

ஆக, ஆசிரியருக்குக் காப்பு தருவது போகிற நாட்டின் சட்டமும் கையெழுத்திடும் ஒப்பந்தமும்தான். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு.

வளைகுடாவை முதலில் பார்க்கலாம், நம் ஆசிரியர்கள் அதிகம் போவது அங்கேதான். அபுதாபியில் மருத்துவக் காப்பீடு 2006 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. துபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டம் 2014 முதல் நடைமுறைக்கு வந்தது. சார்ஜா, அஜ்மான் போன்ற மற்ற எமிரேட்டுகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு 2025 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது அங்கே விசா எடுக்கவும் புதுப்பிக்கவும் காப்பீடு வேண்டும், அடிப்படைத் திட்டத்தின் ஆண்டுக் கட்டணம் 320 திர்ஹம்.

துபாய்ச் சட்டத்தில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஊழியருக்குக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை. அவருடைய மனைவி, கணவர், குழந்தைகளுக்கு எடுப்பது அவர்களை விசாவில் கூட்டிவந்தவரின் கடமை. பள்ளி ஆசிரியை தன் விசாவில் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போனால், அந்த இரண்டு பேருக்கான பிரீமியம் அவர் சம்பளத்திலிருந்துதான் போகும், பள்ளி தானாக முன்வந்து கட்டினாலொழிய. சவுதியில் இது நேர்மாறு. அங்கே 1999இல் வந்த கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் ஊழியரோடு அவரைச் சார்ந்தவர்களையும் முதலாளியின் பொறுப்பில் வைக்கிறது. ரியாத்திலும் துபாயிலும் ஒரே சம்பளம் சொன்னால், குடும்பத்தோடு போகிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

துபாயின் அடிப்படைத் திட்டத்தில் ஆண்டுக்கு 1,50,000 திர்ஹம் வரைதான் செலவு ஏற்கப்படும். புறநோயாளியாகப் போனால் கட்டணத்தில் 20 சதவீதம் நோயாளியே கட்ட வேண்டும். முதன்முதலாகச் சேருபவருக்கு, ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் நாள்பட்ட நோய்களுக்கும் முதல் ஆறு மாதம் காப்பு இல்லை, உயிராபத்தான அவசரம் தவிர. நாற்பது வயதைத் தாண்டிய, சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை போடுகிற ஆசிரியருக்கு அந்த ஆறு மாதம் நீண்ட காலம். இதற்குப் பயந்து படிவத்தில் ‘நோய் இல்லை’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதத்தில் தானாகத் தீர்ந்திருக்கும் தடையை, பொய்த் தகவல் என்ற காரணத்தால் நிரந்தர மறுப்பாக மாற்றிக்கொள்கிறோம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சர்க்கரை இருந்தால் இருக்கிறது என்றே எழுத வேண்டும்.

இன்னொன்று விடுமுறை. ஜூலை, ஆகஸ்டில் பள்ளி மூடியதும் ஆசிரியர் ஊருக்கு வருகிறார். தண்டலத்திலோ வரதராஜபுரத்திலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே போய் அமீரகக் காப்பீட்டு அட்டையை நீட்டினால் என்ன ஆகும்? விலை உயர்ந்த சில திட்டங்களில் இந்தியத் துணைக்கண்டமும் சேர்ந்திருக்கும், அதிலும் முதலில் கையிலிருந்து கட்டி, பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கொண்டுபோய்ப் பிறகு வாங்கிக்கொள்ளும் முறைதான் பெரும்பாலும். அடிப்படைத் திட்டத்தை நம்பி இந்திய மருத்துவமனையில் படுக்க முடியாது. ஆண்டில் இரண்டு மாதம் சொந்த ஊரில் இருக்கும்போது காப்பில்லாமல் இருக்கிறார் என்பது பல ஆசிரியர்களுக்குத் தெரியாமலே வருடங்கள் போகின்றன.

மாலத்தீவின் நிலை வேறு. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘ஆசந்தா’ திட்டம் அந்நாட்டு மக்கள் எல்லாருக்கும் பொது மருத்துவக் காப்பு தருகிறது, குடிமக்களுக்கு மட்டும். நம் ஆசிரியருக்கு முதலாளி எடுக்கும் தனிக் காப்பீடுதான். அதில் பார்க்க வேண்டியது தொகையைக் காட்டிலும் தூரம். தூரத்துத் தீவில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவருக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால், மாலேக்குக் கொண்டுபோகும் விரைவுப் படகுக்கோ கடல் விமானத்துக்கோ யார் பணம் கட்டுவது? எத்தியோப்பியாவின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் இருக்கும் பேராசிரியருக்கும் இதே கேள்விதான். பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் அடிஸ் அபாபாவுக்கோ, இந்தியாவுக்கோ கொண்டுவர வேண்டியிருக்கும். ‘மருத்துவ வெளியேற்றம்’ என்ற பிரிவு பாலிசியில் இல்லாவிட்டால் மற்ற பிரிவுகள் எவ்வளவு தாராளமாக இருந்தும் பயனில்லை.

போர் வந்தால் அந்தப் பிரிவும் உதவாது. போர், உள்நாட்டுக் கலவரம் ஆகியவற்றால் வரும் இழப்பைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக விலக்கியே வைக்கின்றன. 2011இல் லிபியாவிலிருந்தும், 2015இல் ஏமனிலிருந்தும், 2023இல் சூடானிலிருந்தும் நம்மவர்களை மீட்டுவந்தது இந்திய அரசின் கப்பல்களும் விமானங்களும்தான்.

சிங்கப்பூரில் நம் நாட்டுச் சட்டத்தின் அதே சாய்வு வேறு உருவத்தில் இருக்கிறது. அங்கே ‘ஒர்க் பெர்மிட்’, ‘எஸ் பாஸ்’ உள்ள ஊழியர்களுக்கு முதலாளி கட்டாயம் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். 15,000 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) இருந்த குறைந்தபட்ச ஆண்டுத் தொகை 2023 ஜூலை 1 முதல் 60,000 வெள்ளி ஆக்கப்பட்டது. பட்டதாரிகள் பெறும் ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’ உள்ளவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் காக்கும் ‘மெடிஷீல்டு லைஃப்’ திட்டமும் அவரைச் சேர்க்காது. நல்ல நிறுவனங்கள் குழுக் காப்பீடு தருகின்றன, அது அவற்றின் விருப்பம். கட்டடத் தொழிலாளிக்குச் சட்டம் தரும் உறுதி தமிழ் ஆசிரியருக்கு இல்லை.

இங்கிலாந்தில் காப்பீடு என்ற பேச்சே எழாது, பணம் மட்டும் முன்கூட்டியே போய்விடும். 2015 ஏப்ரலில் ஆண்டுக்கு 200 பவுண்டு என்று தொடங்கிய குடியேற்ற மருத்துவக் கட்டணம், 2024 பிப்ரவரி 6 முதல் பெரியவர்களுக்கு 1,035 பவுண்டும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 776 பவுண்டும் ஆகியிருக்கிறது. விசா எத்தனை ஆண்டுக்கோ அத்தனை ஆண்டுக்கும் விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். கணவன், மனைவி, இரு பிள்ளைகள், மூன்று ஆண்டு விசா என்றால் 10,866 பவுண்டு. நம் பணத்தில் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. மருத்துவர், செவிலியர் வரும் விசாவுக்கு இந்தக் கட்டணம் இல்லை, ஆசிரியருக்கு உண்டு. 2023இல் இயற்பியல் ஆசிரியர்களையும் மொழி ஆசிரியர்களையும் வரவழைக்க அந்நாட்டு அரசு 10,000 பவுண்டு இடமாற்ற உதவித்தொகை தந்தது, அது பின்னர் நின்றுவிட்டது. இன்றைய கட்டணத்தில் அந்தத் தொகை முழுவதையும் நால்வர் குடும்பத்தின் மருத்துவக் கட்டணமே விழுங்கிவிடும். ஆனால் கட்டிவிட்டால் தேசிய மருத்துவச் சேவையின் கதவு திறந்திருக்கும். ஏற்கெனவே இருந்த நோய் என்று யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பயம் அற்ற இந்த ஏற்பாட்டின் மதிப்பை, துபாயின் ஆறு மாதத்தைக் கடந்து வந்தவர் நன்றாகவே உணர்வார்.

ஜெர்மனியின் முறை இன்னும் பழையது, 1883இல் பிஸ்மார்க் காலத்தில் வந்தது. சம்பளத்தின் 14.6 சதவீதமும் அதற்குமேல் ஒரு கூடுதல் விழுக்காடும் சந்தாவாகப் போகும், பாதியை முதலாளி கட்டுவார். வருமானம் இல்லாத வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் கூடுதல் செலவின்றி அதே காப்பில் சேர்வார்கள். கொலோன் போன்ற பல்கலைக்கழக நகரத்துக்குக் குடும்பத்தோடு போகிறவருக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு அரிது.

அமெரிக்காவுக்குப் பரிமாற்ற ஆசிரியராக ‘ஜே-1’ விசாவில் போகிறவருக்குச் சட்டமே கணக்கு சொல்லிவிடுகிறது. 2015 மே முதல் உள்ள விதிப்படி, ஒரு நோய்க்கு அல்லது ஒரு விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர், சொந்த நாட்டுக்கு மருத்துவ வெளியேற்றத்துக்கு 50,000 டாலர், இறந்தால் உடலைக் கொண்டுவர 25,000 டாலர் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நோயாளி தன் கையிலிருந்து முதலில் கட்டும் தொகை 500 டாலரைத் தாண்டக்கூடாது. கூட வரும் குடும்பத்தினருக்கும் இதே விதி. வேண்டுமென்றே காப்பீடு இல்லாமல் இருந்தால் பரிமாற்றத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். இது குறைந்தபட்சம்தான். அமெரிக்க மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்தவருக்கு ஒரு லட்சம் டாலர் பெரிய தொகை அல்ல. அதனால் வேலை கொடுக்கும் பள்ளி மாவட்டத்தின் காப்பீடு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கேட்டு, விமானம் ஏறும் நாளுக்கும் அந்தத் தேதிக்கும் இடையிலுள்ள வாரங்களுக்கு வேறு பாலிசி எடுக்க வேண்டும். விசாவுக்காக எடுக்கும் சுற்றுலாக் காப்பீடு இந்த இடைவெளிக்கு ஈடாகாது. ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ பாலிசியும் அப்படித்தான், அது பயணிக்கு, அங்கே தங்கி வேலை பார்ப்பவருக்கு அல்ல.

இதுவரை சொன்னது போகிறவரின் உடம்பைப் பற்றி. குத்தம்பாக்கம் போன்ற ஊர்களில் பேச வேண்டியது, வீட்டில் இருக்கிறவர்களைப் பற்றி.

தனியார் பள்ளியில் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஆசிரியருக்கு ஈ.எஸ்.ஐ. இருந்திருக்கும், அவரை நம்பியிருந்த பெற்றோரும் கே.கே. நகர், அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலையை விட்டு விமானம் ஏறினால், பலன் காலம் முடிந்ததும் அது போய்விடும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் வெளிநாட்டுச் சம்பளம் வரும் வீடு தகுதி பெறாது. போகிற நாட்டின் காப்பீடு மனைவி மக்களைச் சேர்த்தாலும் அம்மா அப்பாவைச் சேர்ப்பதில்லை. மகள் சவுதியில் முழுக் காப்போடு இருக்க, அவள் அனுப்பும் பணத்தில் வாழும் அறுபத்தைந்து வயதுத் தகப்பனார்தான் வீட்டிலேயே மிகவும் பாதுகாப்பற்றவர். இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தால் இரண்டு வருடச் சேமிப்பு ஒரே வாரத்தில் கரைகிறது.

இதற்கு வழி இருக்கிறது: பெற்றோருக்கு இந்தியாவிலேயே தனி மருத்துவக் காப்பீடு. 2024 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. பாலிசியைத் தொடர்ந்து 60 மாதம் வைத்திருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, பழைய நோயை மறைத்தார் என்று சொல்லி நிறுவனம் கிளைமை மறுக்க முடியாது. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி இல்லை என்ற தடையும் போனது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

இந்தச் சலுகைகள் எல்லாம் தொடர்ச்சியை நம்பி நிற்கின்றன. அங்கேதான் நம்மவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். ‘வெளிநாட்டில் காப்பீடு இருக்கிறதே, இங்கே எதற்குக் கட்டுவது’ என்று இந்தியப் பாலிசியை நிறுத்திவிடுகிறார்கள். வளைகுடாப் பள்ளியில் வேலை முடிந்து விசா ரத்தானால் அந்தக் காப்பீடும் அதோடு போகும். ஐம்பத்திரண்டு வயதில், சர்க்கரையோடும் முழங்கால் வலியோடும் திரும்பி வந்து புதிதாக விண்ணப்பித்தால் மூன்று வருடக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து. வயதுக்கேற்ற பிரீமியம் வேறு. பத்து வருடம் பிரீமியம் மிச்சம் பிடித்த பணம் அந்த மூன்று வருடத்தில் போய்விடக்கூடும். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாலிசியைச் சிறு தொகைக்காவது உயிரோடு வைத்திருப்பதும், பெற்றோருக்குத் தனிப் பாலிசி எடுப்பதும், புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டால் ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் அவகாசம்தான் என்பதை நினைவில் வைப்பதும் போகுமுன் செய்ய வேண்டியவை.

எல்லாம் தவறிப்போன நிலையில் இந்தியத் தூதரகங்களிடம் 2009இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதி உண்டு. துன்பத்தில் சிக்கிய, வசதியற்ற இந்தியருக்கு அவசர சிகிச்சைக்கும், இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பவும் அது உதவுகிறது. அது கடைசிப் புகலிடம், காப்பீடு அல்ல.

இதைத் தனி ஆளின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட வேண்டியதில்லை என்று கேரளம் காட்டியிருக்கிறது. அம்மாநில அரசின் நோர்க்கா அமைப்பு, வெளிநாட்டிலும் பிற மாநிலங்களிலும் வாழும் மலையாளிகளுக்காக ‘நோர்க்கா கேர்’ திட்டத்தை 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பு, 10 லட்சம் விபத்துக் காப்பு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் சேர்த்து. தனி ஆளாகப் போனால் எந்த நிறுவனமும் இப்படிக் கொடுக்காது. கும்பலாகப் பேரம் பேசியதால் கிடைத்தது.

தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத் துறை இருக்கிறது, வெளிநாடு வாழ் தமிழர் நல வாரியம் இருக்கிறது, உறுப்பினர்களுக்கு விபத்துக் காப்பீட்டை முன்னிறுத்தும் திட்டங்களும் வந்திருக்கின்றன. விபத்தில் சாகும் ஆசிரியர் குறைவு. நோயில் விழுகிறவரும், நோயில் விழுந்த பெற்றோருக்காகக் கடன் வாங்குகிறவரும்தான் அதிகம். வாரிய உறுப்பினரின் குடும்பம் முழுவதையும், பெற்றோர் உட்பட, சேர்க்கும் குழு மருத்துவக் காப்பீடு ஒன்றை அரசு பேசி முடிக்க வேண்டும். செவிலியருக்குத் தனி விதி வகுத்ததுபோல் ஆசிரியர் ஒப்பந்தத்துக்கும் ஒரு மாதிரிப் படிவம் வகுத்து, ‘மருத்துவ வசதி உண்டு’ என்ற வரிக்குப் பதிலாக யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவுக்கு என்று மூன்று விவரங்களை முதலாளி எழுதித் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 12 அன்று அயலகத் தமிழர் தினம் சென்னையில் நடக்கிறது. வரும் ஆண்டு விழாவில் இந்த இரண்டு அறிவிப்புகளையும் அரசு வெளியிட வேண்டும்.